பழைய 230இ காரில் இன்ஜெக்ஷன் கோளாறு: அறிகுறியிலிருந்து சரியான உதிரிபாகம் வரை

டிக்கி மூடியில் ‘230இ’ என்று எழுதப்பட்ட இரண்டு மெர்சிடிஸ் பென்ஸ் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒன்றின் இன்ஜெக்ஷன் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்தும் என்றே கடைக்காரரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார். 1980 முதல் 1985 வரை வந்த டபிள்யூ 123 வரிசை 230இ-யில் இருப்பது பாஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் என்ற, பெரும்பாலும் இயந்திர முறையில் இயங்கும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் அமைப்பு. அதற்கு அடுத்து வந்த டபிள்யூ 124 வரிசை 230இ-யில் இருப்பதோ அதோடு மின்னணுக் கட்டுப்பாடும் சேர்ந்த கேஇ-ஜெட்ரானிக். இரண்டுமே எம் 102 குடும்பத்து 2.3 லிட்டர், நான்கு சிலிண்டர் என்ஜின்களே ஆனாலும், பெட்ரோலை அளந்து கொடுக்கும் பாகங்களில் பெரும்பாலானவை ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

இந்தக் குறிப்பு டபிள்யூ 123 வரிசை 230இ-க்காக எழுதப்பட்டது. அதே காலத்து வோல்வோ 240, ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ, போர்ஷே 911 ஆகியவற்றில் கே-ஜெட்ரானிக் பொருத்திய கார்களை வைத்திருப்பவர்களுக்கும் முறை இதுவேதான். அழுத்த அளவுகளை மட்டும் அந்தந்தக் காரின் பணிமனைக் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், இருப்பது எந்த அமைப்பு என்று உறுதி செய்யுங்கள்

சேஸிஸ் எண்ணில் ‘123223’ என்ற ஆறு இலக்கங்கள் இருந்தால் அது டபிள்யூ 123 வரிசை 230இ செடான். ‘124023’ என்றிருந்தால் டபிள்யூ 124. என்ஜின் எண்ணும் இதையே சொல்லும்: டபிள்யூ 123-இல் அது 102.980 என்று தொடங்கும். ஆனால் நாற்பது ஆண்டு பழைய காரில் என்ஜினே மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், பானெட்டைத் திறந்து கண்ணாலும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைப் பங்கிடும் ஃப்யூவல் டிஸ்ட்ரிப்யூட்டரின் தலையிலிருந்து ஒரு மெல்லிய உலோகக் குழாய் கிளம்பி, தனியே போல்ட் செய்யப்பட்ட ஒரு சிறிய உலோகப் பெட்டிக்குப் போய், இன்னொரு குழாயாகத் திரும்பி வந்தால் அது கே-ஜெட்ரானிக். அந்தப் பெட்டிதான், குளிர்ந்த என்ஜின் சூடேறும் வரை பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்க வைக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டர். அப்படி ஒன்று இல்லாமல், டிஸ்ட்ரிப்யூட்டரின் பக்கவாட்டிலேயே மின் இணைப்புடன் ஒரு சிறு கருப்புப் பாகம் ஒட்டியிருந்தால் அது கேஇ-ஜெட்ரானிக். பின்னது உங்கள் காரில் இருந்தால், கீழே உள்ள அளவுகளை வைத்துப் பாகம் வாங்க வேண்டாம்.

எண்ணை வாசிக்கும் முறை

பாஷ் பாகங்களில் பத்து இலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் ஏழு இலக்கங்கள் பாகத்தின் வகையையும், கடைசி மூன்று இலக்கங்கள் அது எந்த என்ஜினுக்கு எந்த அளவில் அமைக்கப்பட்டது என்பதையும் காட்டுகின்றன. வார்ம்-அப் ரெகுலேட்டர் 0 438 140 என்றும், ஃப்யூவல் டிஸ்ட்ரிப்யூட்டர் 0 438 100 என்றும், என்ஜின் நின்ற பின் அழுத்தத்தைத் தாங்கி வைக்கும் அக்குமுலேட்டர் 0 438 170 என்றும், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் 0 437 502 என்றும், குளிர்ந்த ஸ்டார்ட்டில் கூடுதல் பெட்ரோல் தரும் கோல்ட் ஸ்டார்ட் வால்வு 0 280 170 என்றும் தொடங்கும். கடையில் ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்று சொல்லப்படுவது இந்த முதல் ஏழு இலக்கங்களைப் பார்த்துத்தான். கார் ஓடுவதும் ஓடாததும் கடைசி மூன்று இலக்கங்களில் இருக்கிறது.

நான் முதன்முதலில் வாங்கிய ரெகுலேட்டர் அப்படிப்பட்டது. உடல் ஒன்று, பிளக் ஒன்று, போல்ட் துளைகளின் இடைவெளியும் ஒன்று. கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் வேறு. பொருத்திய மறுநாள் காலை கார் உடனே ஸ்டார்ட் ஆனது, மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் தெருமுனை போவதற்குள் சைலன்சரிலிருந்து கரும்புகை வந்தது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் கரி பிடித்து நின்ற பிறகுதான் இரண்டு ரெகுலேட்டர்களையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பொறித்த எண் கிரீஸுக்கும் அலுமினியத் துருவுக்கும் அடியில் மறைந்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, உலரவிட்டு, வெள்ளைச் சாக்பீஸை அதன் மேல் பட்டையாகத் தேய்த்து, விரலால் மெல்லத் துடைத்தால் பள்ளத்தில் தங்கிய தூள் இலக்கங்களாகத் தெரியும். டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 8-ஐயும் 3-ஐயும், 0-ஐயும் 6-ஐயும் குழப்பிக்கொள்வது எளிது. ‘எஃப்டி’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளுக்குப் பின் வரும் மூன்று இலக்கங்கள் தயாரித்த காலத்தின் குறியீடு; அதைப் பாக எண்ணாக நினைத்துத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும். 0 986 என்று தொடங்கும் எண் இருந்தால் அது பாஷ் மறுசீரமைத்து விற்ற பாகம். அதன் அசல் எண்ணைப் பட்டியலில் பார்த்துத்தான் ஒப்பிட முடியும்.

காரில் இப்போது பொருத்தியிருக்கும் பாகம் சரியானதுதான் என்றும் நம்பிவிட வேண்டாம். முந்தைய உரிமையாளரோ மெக்கானிக்கோ கிடைத்ததை மாட்டியிருக்கலாம். சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் கொடுத்து உதிரிபாகப் பட்டியலில் பார்த்த எண், பாகத்தின் உடலில் பொறித்த எண் ஆகிய இரண்டும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணைக் கடையில் கேட்க வேண்டும்.

அழுத்தத்தை அளக்காமல் எதையும் வாங்க வேண்டாம்

கே-ஜெட்ரானிக் அமைப்பில் மூன்று அழுத்தங்கள் உண்டு. பம்ப் கொடுத்து டிஸ்ட்ரிப்யூட்டர் கட்டுப்படுத்தும் சிஸ்டம் அழுத்தம் 5 பார் (‘பார்’ என்பது அழுத்தத்தின் அலகு) அளவில் இருக்கும். ரெகுலேட்டர் நிர்ணயிக்கும் கன்ட்ரோல் அழுத்தம் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தாழ்ந்தும், சூடேறியதும் 3.4 முதல் 3.8 பார் வரை உயர்ந்தும் இருக்கும். என்ஜினை நிறுத்திய பின் குழாய்களில் தங்கி நிற்பது மீதி அழுத்தம். டிஸ்ட்ரிப்யூட்டரின் தலைக்கும் ரெகுலேட்டருக்கும் இடையில், திருகு வால்வு உள்ள பிரஷர் கேஜை, வால்வு ரெகுலேட்டர் பக்கம் இருக்குமாறு இணைத்தால் மூன்றையும் அளந்துவிடலாம்: வால்வை மூடினால் சிஸ்டம் அழுத்தம், திறந்தால் கன்ட்ரோல் அழுத்தம், நிறுத்திய பின் மீதி அழுத்தம். இந்தக் கருவியின் விலை ஒரு தவறான ரெகுலேட்டரின் விலையைவிடக் குறைவு.

என்ஜின் முழுக்கக் குளிர்ந்த பின், திறந்த வெளியில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, இணைப்பின் மேல் துணியைச் சுற்றி மெதுவாகத் தளர்த்துங்கள். உள்ளே அழுத்தத்தில் நிற்பது பெட்ரோல்.

அளப்பதற்கு முன் காற்றுக் கசிவையும் பார்த்துவிட வேண்டும். இந்த அமைப்பு, உள்ளே வரும் காற்றை, அதன் வழியில் உள்ள சென்சார் பிளேட் என்ற தட்டு நகரும் அளவைக் கொண்டே அளக்கிறது. பிளேட்டைக் கடந்த பின் எங்கே காற்று புகுந்தாலும், அது கணக்கில் வராத காற்று. பிளேட்டுக்குக் கீழே உள்ள ரப்பர் பூட், இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள், வேக்குவம் குழாய்கள் இவை வெடித்திருந்தால், விலை உயர்ந்த எந்தப் பாகத்தை மாற்றினாலும் பயன் இல்லை. ஐட்லிங் ஏறி இறங்கி ஊசலாடுகிறது என்ற அறிகுறிக்கு நான் பார்த்த காரணங்களில் பெரும்பாலானவை இந்த ரப்பர்கள்தான்.

அறிகுறி: காலையில் முதல் ஸ்டார்ட் எளிதில் ஆகவில்லை, ஸ்டார்ட் ஆன பின்னும் தடுமாறுகிறது

இந்த அறிகுறிக்கு எல்லோரும் முதலில் குறைசொல்வது கோல்ட் ஸ்டார்ட் வால்வை. குளிர்நாடுகளில் அது சரியாக இருக்கலாம். நம் ஊரில் பெரும்பாலும் அது காரணமல்ல. அந்த வால்வுக்கு மின்சாரம் கொடுப்பது தெர்மோ டைம் சுவிட்ச். அதன் அறுகோண உடலில் ஒரு வெப்பநிலையும் சில வினாடிகளும் பொறிக்கப்பட்டிருக்கும். 15 டிகிரி என்று பொறித்த சுவிட்ச், சென்னையில் 28 டிகிரி உள்ள காலையில் வேலை செய்யாமல் இருப்பது கோளாறே அல்ல. அது அப்படித்தான் இருக்க வேண்டும். 35 டிகிரி என்று பொறித்ததாக இருந்தால் வேலை செய்திருக்க வேண்டும். இரண்டு சுவிட்சுகளும் தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால், இதை வாங்கும்போது பாக எண்ணோடு பொறித்த வெப்பநிலையையும் வினாடியையும் ஒப்பிட வேண்டும்.

உண்மையான காரணம் பெரும்பாலும் ரெகுலேட்டரில் இருக்கும். அதன் உள்ளே இருவேறு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை ஒன்று, குளிர்ந்த நிலையில் ஸ்பிரிங்கை அமுக்கி வைத்துக் கன்ட்ரோல் அழுத்தத்தைத் தாழ்த்துகிறது. அழுத்தம் தாழும்போது டிஸ்ட்ரிப்யூட்டரில் பெட்ரோலை அளந்து விடும் பிளஞ்சர் தண்டு அதிகம் உயர்ந்து பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. பழைய கார்புரேட்டரில் சோக் செய்த வேலை இதுதான். பின்னர் உள்ளிருக்கும் மின் ஹீட்டர் பட்டையைச் சூடாக்க, அழுத்தம் மெல்ல உயர்ந்து கலவை இயல்புக்கு வருகிறது.

இரவு முழுவதும் நின்ற காரில், ரெகுலேட்டரின் மின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பம்பை மட்டும் (கீழே சொல்லும் ரிலே சாக்கெட் முறையில்) ஓடவிட்டு அழுத்தத்தைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது சென்சார் பிளேட்டைக் கையால் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் பெட்ரோல் சிலிண்டர்களுக்குள் போய்விடும். கையேட்டில் அந்த எண்ணுள்ள ரெகுலேட்டருக்குத் தந்த கோட்டுப்படத்தில், அப்போதைய வெப்பநிலைக்கு நேரே உள்ள அழுத்தத்தைப் பாருங்கள். 20 டிகிரிக்குத் தந்த அளவை 30 டிகிரிக் காலையில் எதிர்பார்த்தால், நல்ல ரெகுலேட்டரும் கெட்டதாகத் தோன்றும். நீங்கள் பார்த்த அழுத்தம் கோட்டுக்கு மேலே இருந்தால் கலவை மெலிந்துவிட்டது, அதாவது காற்றோடு சேரும் பெட்ரோல் போதவில்லை. காலைத் தடுமாற்றத்துக்குக் காரணம் அதுவே. அப்போதும் உடனே புதியது வாங்க வேண்டாம். ரெகுலேட்டரின் நுழைவாயிலில் உள்ள நுண்சல்லடை அடைத்துக்கொண்டாலும் அழுத்தம் இப்படித்தான் ஏறும்.

இன்னொன்றையும் பாருங்கள். ரெகுலேட்டரின் உடலில் இறுக்கி அடித்து வைத்த ஒரு முளை உண்டு. அதைச் சுத்தியலால் தட்டி உள்ளே இறக்கினால் குளிர்நிலை அழுத்தம் மாறும். முளையைச் சுற்றிச் சுத்தியல் தடமோ பஞ்ச் தடமோ இருந்தால் யாரோ அளவைக் கலைத்திருக்கிறார்கள். எண் சரி, ஆனால் பாகம் இனி அந்த எண்ணுக்குரிய பாகம் அல்ல. பயன்படுத்திய ரெகுலேட்டரை வாங்கும்போது நான் எண்ணுக்கு அடுத்தபடியாகப் பார்ப்பது இந்த முளையைத்தான்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் கடைசி மூன்று இலக்கங்கள் வரை ஒத்த எண்ணை வாங்குங்கள். உடலில் உள்ள வேக்குவம் முனைகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான கார்களின் ரெகுலேட்டர் அமைப்பு ஐரோப்பிய காரினதிலிருந்து வேறு. அதே எண் கிடைக்கவில்லையானால், வேறு எண்ணுள்ள புதியதைவிடச் சொந்த ரெகுலேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்து அழுத்தத்தைச் சரியாக அமைத்துத் தரும் ஆளைத் தேடிப் போவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.

அறிகுறி: ஸ்டார்ட் ஆகிறது, சாவியை விட்டவுடன் அணைகிறது

ஃப்யூவல் பம்ப் ரிலேயைப் பாருங்கள். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது ஒரு வழியாகவும், என்ஜின் ஓடும்போது இக்னிஷன் துடிப்பைப் பார்த்து இன்னொரு வழியாகவும் ரிலே பம்பை இயக்குகிறது. இரண்டாவது வழி செத்துப்போனால் இந்த அறிகுறி தோன்றும். ரிலேயைக் கழற்றி, சாக்கெட்டில் 30, 87 ஆகிய முனைகளை ஃப்யூஸ் உள்ள ஒயரால் சேர்த்த பின் கார் தொடர்ந்து ஓடினால் குற்றவாளி ரிலேதான். ஆறு சிலிண்டர் 280இ-யின் ரிலே சாக்கெட்டில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் ஒரு சுற்றுக்கு வரும் இக்னிஷன் துடிப்புகள் நான்கு சிலிண்டரில் இரண்டு, ஆறு சிலிண்டரில் மூன்று என்பதால், ரிலேயில் உள்ள வேகக் கட்டுப்பாடு தவறாகக் கணக்கிடும். எண் பார்த்தே வாங்குங்கள்.

அறிகுறி: சூடான காரை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் நெடுநேரம் சுற்றுகிறது

நம் வெயிலுக்கு இந்த அமைப்பில் மிக அதிகமாக வரும் கோளாறு இது. தவறான பாகம் வாங்கப்படுவதும் இதில்தான் அதிகம். என்ஜினை நிறுத்தியதும் அழுத்தம் இன்ஜெக்டர் திறக்கும் அளவான சுமார் 3.3 பாருக்குக் கீழே சட்டென்று இறங்கி, அங்கே நிலைத்து நிற்க வேண்டும். பத்து நிமிடத்துக்குப் பின்னும் சுமார் 2.5 பார் இருக்க வேண்டும். அது பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால், பானெட்டுக்குள் நிற்கும் சூட்டில் குழாய்களில் உள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடும். அடுத்த ஸ்டார்ட்டில் பம்ப் அந்த ஆவியைத் தள்ளி வெளியேற்றும் வரை என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அழுத்தம் எங்கே கசிகிறது என்பதை ஒவ்வொரு வழியாக அடைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். முதலில் கேஜின் வால்வை மூடுங்கள். அழுத்தம் இப்போது நின்றால் கசிவு ரெகுலேட்டரில். நிற்கவில்லையானால், டாங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் குழாயைத் தட்டையான கிளாம்ப்பால் இறுக்குங்கள். இப்போது நின்றால், பம்பின் வெளிவாயிலில், பெட்ரோல் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு கசிகிறது. அதுவும் இல்லையென்றால் டாங்குக்குத் திரும்பும் குழாயை, பம்ப் நின்றிருக்கும்போது மட்டும், இறுக்குங்கள். அப்போது நின்றால், டிஸ்ட்ரிப்யூட்டரில் உள்ள அழுத்த வால்வின் ஓ-ரிங் தேய்ந்திருக்கிறது. மூன்றிலும் நிற்காவிட்டால் அக்குமுலேட்டரையும், சொட்டும் இன்ஜெக்டர்களையும், கோல்ட் ஸ்டார்ட் வால்வையும் பார்க்க வேண்டும்.

அக்குமுலேட்டர் காரின் அடியில், பின்பக்கத்தில், பம்புடனும் ஃபில்டருடனும் ஒரே கட்டாக இருக்கும். அதன் பின்முனையில் உள்ள மெல்லிய கசிவுக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். அங்கே பெட்ரோல் வந்தால் உள்ளே டயஃப்ரம் கிழிந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். வராவிட்டால், மற்ற வழிகளை எல்லாம் பார்த்து முடிக்கும் வரை அதை மாற்றாதீர்கள். ஒரு சில ரூபாய் ஓ-ரிங்குக்குப் பதிலாக முழு அக்குமுலேட்டரையும், அதோடு பம்பையும் மாற்றிவிட்டு, அதே கோளாறுடன் கார் திரும்பி வருவதைப் பார்க்க மனம் வருந்துகிறது.

அக்குமுலேட்டரை வாங்கும்போது குழாய் வாய்களை எண்ணுங்கள். சிலவற்றில் ஒரே வாய், சிலவற்றில் உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு. வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் கொள்ளளவும் ஸ்பிரிங்கும் வேறாக இருக்கலாம் என்பதால் இங்கும் கடைசி மூன்று இலக்கங்கள் முக்கியம். செக் வால்வைப் பொறுத்தவரை, பொருத்தியிருக்கும் பம்பின் எண்ணை வைத்து வாங்குங்கள். காரின் பெயரை வைத்து வாங்கினால், முன்பே வேறு பம்ப் மாட்டப்பட்ட காரில் மரை பொருந்தாது. செப்பு வாஷர்களை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

ரப்பரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவில் இப்போது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. இந்தக் கார் வடிவமைக்கப்பட்டபோது இருந்த குழாய்களும் வளையங்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே ஓ-ரிங்குகளை பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பரான வைட்டான் வகையிலும், குழாய்களை எத்தனால் தாங்கும் இன்ஜெக்ஷன் தரத்திலும் கேட்டு வாங்குங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் தன்மையுடையது என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய காரில் டிஸ்ட்ரிப்யூட்டரின் பிளஞ்சர் துருப்பிடித்து இறுகிவிடும் அபாயமும் உண்டு.

அறிகுறி: சூடேறிய பின்னும் கரும்புகை, பெட்ரோல் செலவு அதிகம்

கன்ட்ரோல் அழுத்தம் சூடான நிலையிலும் 3.4 பாருக்கு ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையானால் ரெகுலேட்டரின் ஹீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று முதலில் சோதியுங்கள். பிளக்கில் 12 வோல்ட் வராத காரில் எத்தனை ரெகுலேட்டர் மாற்றினாலும் புகை நிற்காது. மின்சாரம் வந்தும் ஹீட்டரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரில் தொடர்பே காட்டவில்லையானால் ஹீட்டர் அறுந்துவிட்டது.

அழுத்தம் சரியாக இருந்தும் புகை வந்தால், பெட்ரோல்-காற்று விகிதத்தை அமைக்கும் கலவைத் திருகை யாரோ திருப்பியிருக்கலாம். 3 மில்லிமீட்டர் ஆலன் சாவி ஒன்று போதும் என்பதால், இன்னதென்று தெரியாத ஒவ்வொரு கோளாறுக்கும் அதையே திருப்பிப் பார்ப்பது பலரின் வழக்கமாகிவிட்டது. தவறான ரெகுலேட்டரை மறைக்க இந்தத் திருகு திருப்பப்பட்ட காரில், சரியான ரெகுலேட்டரை மாட்டியதும் கார் முன்பைவிட மோசமாக ஓடும். அதைக் கண்டு, சரியான பாகத்தைத் தவறு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பாகம் மாற்றிய பின் புகைச் சோதனைக் கருவியில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்த்துத் திருகைக் கையேட்டின்படி அமைக்க வேண்டும்.

அறிகுறி: வேகம் எடுக்கும்போது இழுவை இல்லை

சிஸ்டம் அழுத்தத்தையும் பம்ப் தரும் அளவையும் பாருங்கள். திரும்பும் குழாயை அளவுக் குடுவையில் விட்டுப் பம்பை 30 வினாடி ஓடவிட்டால் முக்கால் லிட்டராவது வர வேண்டும். குறைந்தால் ஃபில்டரையும் டாங்கின் அடியில் உள்ள சல்லடையையும் பார்த்த பிறகே பம்பைச் சந்தேகிக்க வேண்டும். சமீபத்தில் பம்ப் மாற்றப்பட்டது என்றால் அதன் எண்ணைப் பாருங்கள். எளிதில் கிடைக்கும் எம்பிஎஃப்ஐ (பிற்கால மின்னணு இன்ஜெக்ஷன்) கார் பம்ப் 3 பார் அளவுக்காகச் செய்யப்பட்டது. 5 பார் கேட்கும் இந்த அமைப்பில் அது ஐட்லிங்கில் சமாளித்துவிட்டு, மேம்பாலம் ஏறும்போது கைவிட்டுவிடும்.

அறிகுறி: ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ்ஸிங்

நான்கு இன்ஜெக்டர்களையும் உருவி, ஒரே அளவான நான்கு கண்ணாடிக் குப்பிகளில் விட்டு, பம்பை ஓடவிட்டு, சென்சார் பிளேட்டைச் சற்றே நகர்த்திப் பாருங்கள். நல்ல இன்ஜெக்டர் மெல்லிய பனிபோலத் தெளிக்கும். கெட்டது ஒரு கோடாகப் பீய்ச்சும் அல்லது சொட்டும். அளவு குறைந்த குப்பியின் இன்ஜெக்டரை அடுத்த குழாயில் மாட்டி மறுபடி பாருங்கள். குறை இன்ஜெக்டரோடு இடம் மாறினால் கோளாறு இன்ஜெக்டரில். குறை அதே குழாயில் தங்கினால் டிஸ்ட்ரிப்யூட்டரில். இன்ஜெக்டர்களை நான்காகவே, ஒரே எண்ணில் மாற்றுங்கள். இரண்டு எண்கள் கலந்தால் திறக்கும் அழுத்தம் வேறுபட்டு ஐட்லிங் ஒருநாளும் சீராகாது.

எந்தப் பாகத்தை மாற்றினாலும் கேஜை மறுபடி மாட்டி மூன்று அழுத்தங்களையும் அளந்து, தேதியுடனும் பாக எண்ணுடனும் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கடையில் விட்டுவிட்டு வராமல், குழாய் வாய்களை அடைத்து, எண் எழுதிய அட்டையைக் கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அந்த எண்ணில் புதியது கிடைக்காமல் போகும் நாளில் பிரித்துச் சீரமைக்கக் கையில் இருப்பது அந்தப் பழைய பாகம்தான்.